தடை கருவிக்கா, மணத்துக்கா? பழமணம் ஏற்றிய நிக்கோட்டின் பொருள்கள் பற்றி ஒரு விவாதம்

பாளை ஆசிரியர்:

நண்பர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து எனக்கு எழுந்த ஐயத்தையும் இங்கே வைக்கிறேன்.

மதிய உணவு வேளை முடிந்து வகுப்புக்குள் நுழைந்தபோது கடைசி வரிசைப் பக்கமிருந்து மாம்பழ வாசம் வந்தது. புரட்டாசியில் மாம்பழம் ஏது என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். மரத்தில் பழுத்த பழத்தின் வாசம் அன்று அது; மாம்பழ மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவனிடமிருந்து வருமே, அந்த வாசம். ஒரு மாணவனின் ஜியாமெட்ரி பாக்ஸில், ஹைலைட்டர் பேனாக்களுக்கு நடுவே, அவற்றைப் போலவே இளஞ்சிவப்பு நிறத்தில் மின்சிகரெட்டு ஒன்று கிடந்தது. உறிஞ்சினால் அடியில் கடுகளவு விளக்கு எரிகிறது. பொத்தான் இல்லை, தீப்பெட்டி வேண்டியதில்லை, சாம்பலும் விழுவதில்லை. "சார், இது சிகரெட் இல்லை, வெறும் ஃப்ளேவர் ஆவிதான்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பியிருந்தான் என்பதுதான் என்னைக் கலங்க வைத்தது. கருவியின் அடிப்புறத்தில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கும் அளவுக்குச் சிறிய எழுத்தில், நிக்கோட்டின் 5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவரின் பெட்டியில் வந்த பொருள் என்று பின்னர் தெரிந்தது. பெற்றோரை அழைத்துப் பேசினோம். பையனைப் பள்ளியை விட்டு நீக்கவில்லை.

என் ஐயம் இதுதான். நம் நாட்டில் இந்தக் கருவி முற்றிலும் தடை செய்யப்பட்டது. அதே நேரத்தில், பள்ளியிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் கடையில், புதினா மணமும் வெற்றிலைப் பாக்கு மணமும் ஏற்றிய சிகரெட்டு எந்தத் தடையும் இல்லாமல் விற்கிறது. பையனை இழுத்தது மணம் என்றால், நாம் தடுத்தது எதை?

நெல்லை வழக்கறிஞர்:

ஆசிரியர் கேட்டதற்குச் சட்ட நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு 2018லேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம், இருப்பு வைத்தல் ஆகிய அனைத்தும் குற்றம். முதல் முறை என்றால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. வெறுமனே இருப்பு வைத்திருந்தாலே ஆறு மாதம் வரை போகலாம். உறிஞ்சுபவனைத் தண்டிக்கும் பிரிவு அதில் தனியே இல்லை. அது சரியான முடிவு என்பது என் கருத்து.

அச்சட்டத்தின் வரையறையைக் கவனமாகப் படிக்க வேண்டும். நிக்கோட்டினும் மணமும் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி ஆவியாக்கும் மின்னணுக் கருவி எதுவாயினும் அதற்குள் அடங்கும். மாணவன் சொன்ன "வெறும் ஃப்ளேவர் ஆவி"யும் அதற்குள் வந்துவிடுகிறது. ஆனால் வரையறை தொடங்குவதே கருவியிலிருந்து என்பதால், மின்கலமும் கம்பிச்சுருளும் இல்லாத எதையும் அது தொடாது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைக்கும் நிக்கோட்டின் பொட்டலம் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. சிகரெட்டுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்றும், கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்றும் இருக்கிறதே ஒழிய, மணம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

முக்கூடல் கடைக்காரர்:

வக்கீல் ஐயா சொன்ன 100 கஜத்துக்கு வெளியேதான் என் கடை இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்; ஆனாலும் தடை என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் கதவு தட்டப்படுவது என்னைப் போன்ற பெட்டிக்கடைக்காரனுடையதுதான்.

2013இல் குட்காவைத் தடை செய்தார்கள். நல்ல காரியம் என்றுதான் நானும் சொன்னேன். அடுத்து என்ன வந்தது? பாக்கு மசாலா ஒரு பொட்டலம், புகையிலைத் தூள் ஒரு பொட்டலம் என்று பிரித்து, இரண்டையும் சேர்த்துக் கையில் கொடுத்தார்கள். வாங்குகிறவன் ஒன்றில் ஒன்றைக் கொட்டிக் கலந்து வாயில் போட்டுக்கொண்டான். தடை செய்த பொருளின் பெயர் குட்கா. கலவையை வாங்குகிறவனே செய்துகொண்டால் அதற்குக் குட்கா என்று பெயர் கிடையாது என்பது அவர்கள் வாதம். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் தடையைப் புதுப்பித்தார்கள், வழக்கு நடந்தது. இடையில் சோதனைக்கு வந்தவர்கள், நான் அந்தச் சரக்கைத் தொடுவதே இல்லை என்று சொல்லியும், பருப்பு மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். சரக்கை மொத்தமாக இறக்கியவனை இன்று வரை நான் பார்த்ததில்லை.

மணமேற்றிய சிகரெட்டைப் பற்றி ஆசிரியர் சொன்னது உண்மை. பஞ்சுப் பகுதியை விரலால் நசுக்கினால் உள்ளே சிறு உருண்டை ஒன்று 'டக்' என்று உடைகிறது. உடனே புதினா வாசம். வயதானவர்கள் அதைக் கேட்பதே இல்லை. என் கடையில் அதைக் கேட்டு வருகிறவர்கள் மீசை அரும்பிய பிள்ளைகள்தாம். வயதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

சந்திப்பு வாசி:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் புகைத்தவன் நான். நிறுத்துவதற்குப் பலமுறை முயன்று தோற்றேன். துபாயில் வேலை பார்த்த காலத்தில், அங்கே மின்சிகரெட்டு 2019 முதல் சட்டப்படி விற்கப்படுவதால், புதினா மணமுள்ள ஒன்றை வாங்கினேன். எட்டு மாதத்தில் சிகரெட்டை விட்டேன், அதற்கடுத்த ஆண்டில் ஆவியையும் விட்டேன். புகையிலைச் சுவையிலேயே எனக்கு ஆவி கிடைத்திருந்தால், அந்தச் சுவையே சிகரெட்டை நினைவூட்டி என்னைப் பழைய இடத்தில் கொண்டு சேர்த்திருக்கும்.

மெல்லும் நிக்கோட்டின் கம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை ஆகியவற்றைக் காட்டிலும் நிக்கோட்டின் உள்ள மின்சிகரெட்டு புகையை நிறுத்துவதற்குக் கூடுதலாக உதவுகிறது என்று, பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. பிள்ளைகளைக் காப்பாற்றப் பெரியவர்களுக்கு இருக்கும் ஏணியைப் பிடுங்க வேண்டுமா? சுடுகாட்டுக்கு வழிகாட்டும் சிகரெட்டை விற்கவிட்டு, அதிலிருந்து இறங்கும் படியை மட்டும் தடை செய்திருக்கிறோமே என்பது என் ஆதங்கம்.

வண்ணார்பேட்டை மருந்தாளுநர்:

சந்திப்பு அண்ணாச்சி புகையை விட்டது உள்ளபடியே மகிழ்ச்சி. அவர் சொல்லும் ஆய்வும் உண்மையானது. ஆனால் அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் ஏற்கெனவே புகைத்துக்கொண்டிருந்த பெரியவர்கள். ஆசிரியரின் மாணவனுக்கு இறங்குவதற்கு எந்த மாடியும் இல்லை. அவன் தரையில் நின்றவன், ஏணி அவனை மேலே ஏற்றியது.

மணம் என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் தடை எங்கே விழ வேண்டும் என்பது விளங்கும். நிக்கோட்டின் இயல்பில் காரத்தன்மை உள்ளது; அப்படியே உறிஞ்சினால் தொண்டையைக் கமறச் செய்யும், முதல் இழுப்பிலேயே இருமல் வரும். பழைய காலத்தில் பையன்கள் திருட்டுத்தனமாக முதல் பீடியை இழுத்துவிட்டு, கண்ணில் நீர் வழிய இருமியது இதனால்தான். உடம்பே போட்ட வேலி அது. புதிய கருவிகளில் பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து நிக்கோட்டினை உப்பாக மாற்றிவிடுகிறார்கள். காரம் தணிகிறது, கமறல் போய்விடுகிறது, அதனால் முன்பு தாங்கவே முடியாத அளவு நிக்கோட்டினை இப்போது அலுங்காமல் உள்ளே அனுப்ப முடிகிறது. வேலியில் அமிலம் ஒரு பக்கத்தைச் சாய்த்தது. மிச்சத்தை மாம்பழமும் ஸ்ட்ராபெரியும் சாய்த்தன. புதினாச் சத்தான மெந்தால் தொண்டையில் குளிர்ச்சி உணர்வைத் தூண்டி எரிச்சலை மறைத்துவிடும். சளி மருந்திலும் வலி தைலத்திலும் நாம் அதைப் பயன்படுத்துவதற்கும் காரணம் அதுவே.

இன்னொன்று. இந்த மணப்பொருள்கள் உணவில் சேர்க்கப் பாதுகாப்பானவை என்று சொல்வார்கள். வயிற்றுக்குப் பொருந்தியது நுரையீரலுக்கும் பொருந்த வேண்டும் என்று விதி இல்லை. வெண்ணெய் மணம் தரும் டையசெட்டில் என்ற பொருளை அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துப் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள் மூச்சில் இழுத்து, சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபடும் நோய்க்கு ஆளானது 2000ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. அதே பாப்கார்னைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சந்திப்பு அண்ணாச்சியின் ஏணிக்கு வருகிறேன். 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் நம் மருந்துக்கடைகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அதற்கும் புதினாச் சுவை உண்டு. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் நிக்கோட்டின் என்பதால் அதில் கிறக்கம் கிடையாது. என் பதினான்கு ஆண்டு அனுபவத்தில் பள்ளிப் பிள்ளை ஒருவன்கூட அதைக் கேட்டு என் கடைப் படியேறியதில்லை. மருந்தாக உரிமம் பெற்றதை விலக்கிவிட்டு, மற்ற நிக்கோட்டின் பொருள்கள் அனைத்திலும் மணத்தைத் தடை செய்தால் பெரியவர்களின் ஏணி அப்படியே இருக்கும்.

பாஸ்டன் நெல்லைக்காரன்:

பிறந்தது வீரவநல்லூர், பதினாறு ஆண்டுகளாக மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறேன். மணத்தைத் தடை செய்து பார்த்த இடத்தில் வாழ்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 2009இலேயே சிகரெட்டில் பழமணங்களைத் தடுத்துவிட்டார்கள். மெந்தாலை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தத் தடை சிகரெட்டுக்கு மட்டும் என்பதால் மின்சிகரெட்டு தப்பிக்கொண்டது. விளைவு, 2019 கணக்கெடுப்பில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். 2020 தொடக்கத்தில், நிக்கோட்டின் திரவக் குப்பியை மாற்றிப் பயன்படுத்தும் கருவிகளில் பழமணம் கூடாது என்று மத்திய அரசு சொன்னது. குப்பி மாற்றாமல் தூக்கி எறியும் கருவியைப் பற்றி அந்த அறிவிப்பு பேசவில்லை. பிள்ளைகள் சில மாதங்களில் அதற்கு மாறிவிட்டார்கள். பிறகு, இது புகையிலையிலிருந்து எடுத்த நிக்கோட்டின் அன்று, ஆய்வகத்தில் செய்தது, ஆகவே புகையிலைச் சட்டம் எங்களைக் கட்டாது என்று சில உற்பத்தியாளர்கள் வாதிட்டார்கள்; அந்த ஓட்டையை அடைக்க 2022இல் தனியே சட்டம் திருத்த வேண்டியிருந்தது. முக்கூடல் அண்ணாச்சி சொன்ன இரட்டைப் பொட்டலக் கதையைப் படித்தபோது சிரித்துவிட்டேன். கடல் கடந்தாலும் வித்தை ஒன்றுதான்.

எங்கள் மாநிலம் 2019 நவம்பரில் எல்லா நிக்கோட்டின் பொருள்களுக்கும் சேர்த்து மணத்தடை கொண்டுவந்தது. மெந்தால் சிகரெட்டும் 2020 ஜூன் முதல் நின்றது. ஓட்டை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் நியூ ஹாம்ப்ஷயர். அங்கே எல்லாம் கிடைக்கும். ஆனால் கார் ஓட்டத் தெரியாத பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய தூரம். 2024 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் மின்சிகரெட்டு பிடிப்போர் 7.8 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். இதற்கு மணத்தடை மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. நடுநிலைப் பள்ளியையும் சேர்த்துப் பார்த்தால், இன்னமும் பிடிக்கும் பிள்ளைகளில் 87.6 சதவீதம் பேர் மணமேற்றியதைத்தான் பிடிக்கிறார்கள்.

இத்தனையும் முன்னுரை. நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரிந்திராத ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மின்சிகரெட்டு பிறப்பதற்கு முன்பே, 1990களின் பிற்பகுதியில், அமெரிக்க நகரங்களில் இந்தியப் பீடி விற்றது. வெறும் பீடி இல்லை; வெனிலாப் பீடி, ஸ்ட்ராபெரிப் பீடி, மாம்பழப் பீடி. 1999இல் இதே மாசசூசெட்ஸ் நகர்ப்புற இளைஞர்கள் 642 பேரிடம் கேட்டபோது, 40 சதவீதம் பேர் ஒரு முறையாவது பீடி பிடித்திருந்ததாகச் சொன்னார்கள். ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, சிகரெட்டைவிடச் சுவையாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. என் ஆச்சி திண்ணையில் சுற்றிய பொருளை பாஸ்டன் பிள்ளைகள் நாகரிகம் என்று எண்ணிப் பிடித்தார்கள் என்றால், அதன் மேல் பூசிய வாசத்துக்கு எவ்வளவு வலு இருக்க வேண்டும்!

கடையம் மகள்:

பாஸ்டன் அண்ணன் எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பீடியில மாம்பழமா?" என்று கேட்டுவிட்டு நம்பாமல் சிரித்தாள்.

அம்மா முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறாள். நனைத்த இலையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, தகட்டை வைத்து அளவாக வெட்டி, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையில் தூளைப் பரப்பி உருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுற்றி இழுக்கும்போது அவள் கண் தொலைக்காட்சியில் இருக்கும். கை தன் பாட்டுக்கு ஓடும். அந்தத் தூளின் கமறல்தான் எங்கள் வீட்டின் வாசம். நாங்கள் படித்தது அந்தக் கூலியில்தான். ஆனால் என் தம்பியோ எங்கள் தெருப் பையன்களோ ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்தது, காசும் வேண்டியதில்லை, ஆனாலும் தொடவில்லை. தாத்தாக்களின் வாசம் அது என்பார்கள். போன மாதம் அதே தம்பியின் சட்டைப் பையிலிருந்து, உதட்டுக்குள் வைக்கும் சிறு பொட்டலம் ஒன்றை அம்மா துவைக்கும்போது எடுத்தாள். முகர்ந்து பார்த்து, "புதினா முட்டாயி போல" என்று அடுக்களைத் திட்டில் வைத்துவிட்டாள். புகையிலையோடு முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்த மூக்குக்கே அது புகையிலை என்று தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். தடை என்றாலே எங்கள் பக்கத்து வீடுகளில் அடுப்பு அணைந்துவிடுமோ என்ற பயம் வந்துவிடும். மணத்தைத் தடுக்கும் சட்டம் வந்தால் பீடி சுற்றுகிறவர்களுக்கு என்ன ஆகும்?

நெல்லை வழக்கறிஞர்:

தங்கை கேட்டதற்கு நேரான பதில்: ஒன்றும் ஆகாது. நம் வட்டாரத்தில் சுற்றி அனுப்பும் பீடியில் இலை, தூள், நூல் தவிர வேறு எதுவும் கிடையாது. மணத்தடைக்குள் அது வராது. பீடியால் வரும் நோய்கள் வேறு விவாதம்; அதை இதில் கலக்க வேண்டாம்.

உதட்டுப் பொட்டலத்தைப் பற்றி ஒரு செய்தி. கூல் லிப் எனப்படும் புகையிலைப் பொட்டலத்தை மாணவர்கள் பயன்படுத்துவது குறித்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் கவலை தெரிவித்து, அதை நாடு முழுவதும் பாதுகாப்பற்ற உணவுப் பொருள் என்று ஏன் அறிவிக்கக் கூடாது எனக் கேள்வி எழுப்பியது. நம் மாநிலத்தில் தடை. பக்கத்து மாநிலத்திலிருந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2025 மே 31 புகையிலை எதிர்ப்பு நாளையொட்டி, புகையிலை, நிக்கோட்டின் பொருள்கள் அனைத்திலும் மணங்களைத் தடை செய்யுமாறு அரசுகளைக் கேட்டுக்கொண்டது. பொருளுக்குப் பொருள் பெயர் சொல்லித் தடுத்தால் மறுநாளே வேறு பெயரில் வரும் என்பதற்கு இந்த இழையிலேயே போதிய சான்று இருக்கிறது. ஆகவே மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு மனு எழுதலாம் என்று நினைக்கிறேன். மருந்து உரிமம் பெற்றவை நீங்கலாக, நிக்கோட்டின் உள்ள எந்தப் பொருளிலும், அது எந்த வடிவில் இருந்தாலும், எதிலிருந்து எடுத்த நிக்கோட்டினாக இருந்தாலும், புகையிலையின் இயல்பான சுவையை மறைக்கும் மணம் கூடாது என்பதே அதன் சாரம்.

சந்திப்பு வாசி:

மருந்து உரிமத்துக்கு விலக்கு இருந்தால் நானும் கையொப்பமிடுகிறேன். மின்சிகரெட்டையும் மருத்துவர் மேற்பார்வையில் மருந்தாகத் தரலாம் என்ற என் கருத்தை விட்டுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் மருந்துக்கடையில் மட்டுமே, அதுவும் புகையிலை, புதினா, மெந்தால் சுவைகளில் மட்டுமே தருகிறார்கள் என்பதை வழக்கறிஞர் மனுவில் ஓர் ஓரமாகவேனும் குறிக்கட்டும்.

முக்கூடல் கடைக்காரர்:

என் பங்குக்கு இரண்டு சேர்க்க வேண்டும். முதலாவது, தண்டனை மொத்தமாக இறக்குகிறவனுக்குக் கூடுதலாகவும் சில்லறைக் கடைக்காரனுக்குக் குறைவாகவும் இருக்கட்டும். இரண்டாவது, சிகரெட்டை ஒற்றையாக உடைத்து விற்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பெட்டியில் 85 சதவீத இடத்துக்குப் புற்றுநோய்ப் படம் போட்டிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் வாங்கிப் போகிற பையன் அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. எனக்கு வியாபாரம் குறையும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

பாளை ஆசிரியர்:

அண்ணாச்சியின் இரண்டு கோரிக்கைகளும் மனுவில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு சொல்வதை எங்கள் பெற்றோர் கூட்டத்தில் வாசித்தேன். பரிசுப் பொருள் போல அதைக் கொடுத்த உறவினர்களுக்கு அது தெரிந்தே இருக்கவில்லை.

அந்த மாணவனைப் பற்றிக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியவர்களுக்கு: முதல் பத்து நாள் தூக்கமில்லை, வீட்டில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தான் என்று தாயார் சொன்னார். வெறும் ஆவி என்று அவன் நம்பியதற்கு அந்தப் பத்து நாள்களே மறுமொழியாக இருந்தன. 1800 11 2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணுக்கு அவனே பேசினான். இப்போது முன் வரிசையில் உட்காருகிறான்; நான் சொல்லவில்லை, அவனாக மாறிக்கொண்டான்.

மனுவின் ஒரு படியை மாவட்ட ஆட்சியரிடமும் கொடுத்துவிடலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கொக்கிரகுளம் அலுவலக வாசலில் காலை பத்து மணிக்கு நிற்கிறேன். கடையம் தங்கை அம்மாவையும் அழைத்து வந்தால் நல்லது. புகையிலையின் வாசம் எப்படி இருக்கும் என்று ஆட்சியரிடம் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் இல்லை. முக்கூடல் அண்ணாச்சி, அன்று ஒரு பொழுது கடையைச் சாத்த முடியுமா?

முக்கூடல் கடைக்காரர்:

மைத்துனனை உட்கார வைத்துவிட்டு வருகிறேன் சார். முதல் பேருந்திலேயே ஏறிவிடுவேன்.